கீச்சிடும் பிரேக்கைப் பற்றிக் கேட்ட தம்பிக்கு

நுவரெலியாவில் வேலைக்குச் சேர்ந்த கையோடு பழைய ஆல்டோ ஒன்றை வாங்கிவிட்டதாகவும், காலையில் வண்டியை எடுக்கும்போதும் இறக்கங்களிலும் அதன் பிரேக் கீச்சிடுவதாகவும், கோயம்புத்தூரில் செய்ததுபோல வீட்டு வாசலிலேயே கழற்றிப் பார்க்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். கூடவே வாடகை, குழந்தையின் பள்ளிக்கூடம், குளிருக்கான உடை என்றும் ஒரு பட்டியல் இருக்கிறது. வாடகை பேசிப் பேசித்தான் குறையும். பள்ளிக்கூடத்தைப் பற்றி உங்கள் அலுவலகத்துப் பெண்கள் என்னைவிட நன்றாகச் சொல்வார்கள். குளிர் தானாகப் பழகிவிடும். பிரேக்கை மட்டும் அப்படி விட முடியாது. திருச்சியின் சமதரையில் வண்டி ஓட்டிப் பழகி, அட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையின் இயந்திர வேலைக்கு வந்து, இங்கேயே குடும்பமாகிவிட்டவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன்.

முதலில் இரண்டு சத்தங்களையும் பிரித்துப் பாருங்கள். நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. இரவெல்லாம் பனிமூட்டம் இறங்கும் ஊரில், சக்கரத்தோடு சுழலும் வார்ப்பிரும்புத் தட்டான டிஸ்க்கின் மேல் விடிவதற்குள் மெல்லிய துரு படிந்துவிடும். காலையில் நாலைந்து முறை பிரேக்கை மிதித்ததும் டிஸ்க்கை இறுக்கிப் பிடிக்கும் உராய்வுக் கட்டையான பேடே அதைத் துடைத்துவிடும், சத்தமும் நின்றுவிடும். இதற்காக யாரிடமும் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

இறக்கத்தில் வருகிற சத்தம் வேறு. நுவரெலியாவிலிருந்து ராம்பொடை, கம்பளை வழியாகக் கண்டிக்குப் போனால் மொத்தத்தில் 1,300 மீற்றருக்கு மேல் இறங்குகிறீர்கள். அவ்வளவு தூரமும் காலைப் பிரேக்கிலேயே வைத்திருந்தால், வண்டியின் வேகத்தை அடக்குகிற வேலை முழுவதும் வெப்பமாகி, முன்சக்கரத்துப் பேடுகளின் மேற்பரப்பைச் சுட்டு இறுக்கிக் கண்ணாடிபோல வழவழப்பாக்கிவிடும். அப்படிப்பட்ட பேடு பிடிக்காது, கீச்சிடும். அதைவிட மோசமானது பிரேக் எண்ணெய் கொதிப்பது. டொட் 3 என்ற தரத்துப் புதிய பிரேக் எண்ணெய் 205 பாகை செல்சியஸ் வரைக்கும் தாங்க வேண்டும் என்பது தரவிதி. ஆனால் அந்த எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும், ஈரமேறிய பின் 140 பாகை தாங்கினாலே போதும் என்றுதான் அதே விதி சொல்கிறது. கொதித்த எண்ணெயில் ஆவி சேர்ந்தால் மிதிகட்டை தரைவரை போகும், வண்டி நிற்காது. முந்தைய உரிமையாளர் எண்ணெயை எப்போது மாற்றினார் என்று கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கினால் மாற்றிவிடுங்கள்.

இங்கே நம் ஊர்க்காரர்கள் சிலரைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இறக்கம் வந்ததும் கியரை நியூட்ரலில் தள்ளி, பெட்ரோல் மிச்சம் என்று பெருமைப்படுவார்கள். 2022இல் பெட்ரோலுக்கு வரிசையில் நின்று, பங்கீட்டுக்கான கியூஆர் அட்டை வந்த பிறகும் அளந்து அளந்து ஓட்டிய காலத்தில் அந்தப் பழக்கம் இன்னும் பலருக்குத் தொற்றிக்கொண்டது. உங்களுடையதுபோன்ற, பெட்ரோலைப் பீய்ச்சிச் செலுத்தும் ஊசி முறை எஞ்சினில், கியரில் இருந்தபடி முடுக்கியை விட்டு இறங்கும்போது பெட்ரோல் பாய்வதே நின்றுவிடும். நியூட்ரலில்தான் எஞ்சின் அணையாமலிருக்கக் கொஞ்சம் குடித்துக்கொண்டிருக்கும். இதை எத்தனை முறை சொன்னாலும் கொழும்பிலிருந்து விடுமுறைக்கு வருகிற நம்மவர்கள் சிரித்துவிட்டுப் போகிறார்கள். சாவியையே திருப்பி எஞ்சினை அணைத்துவிட்டு இறங்குகிறவர்களும் உண்டு; அப்போது பிரேக்குக்கு உதவும் வெற்றிட விசையும் சில மிதிகளில் தீர்ந்துவிடும்.

நான் வந்த புதிதில் எனக்குக் கொடுக்கப்பட்ட பழைய வேனில் கினிகத்தேனையிலிருந்து கித்துல்கலைக்கு இறங்கிக்கொண்டிருந்தபோது முன்சக்கரத்தில் புகை கிளம்பியது. எரிந்த நாற்றம் வண்டிக்குள்ளேயே வந்தது. பின்னால் வந்த தோட்டத்து லொறியின் சாரதி, பெரியவர், என்னை ஓரங்கட்டச் சொல்லிவிட்டு, நான் தண்ணீர்ப் போத்தலை எடுத்ததும் கையைப் பிடித்துக்கொண்டார். "தண்ணி ஊத்தாதீங்க தம்பி, டிஸ்க்கு வெடிச்சிடும். ஹேண்ட் பிரேக்கும் போடாதீங்க. கியர்ல விட்டுக் கல்லு வைங்க, அதுவா ஆறட்டும்" என்றார். பிளாஸ்கிலிருந்து பிளேன்டீ ஊற்றி, ஒரு துண்டுக் கித்துள் கருப்பட்டியும் கையில் வைத்தார். பிறகு, "ஏறுறப்ப எந்த கியரோ, எறங்குறப்பவும் அதே கியரு" என்று சொல்லிவிட்டு ஏறிப்போய்விட்டார். அன்று முதல் நான் அப்படித்தான் ஓட்டுகிறேன். இன்று மலைப்பாதையில் என் பக்கத்தில் உட்காரும் உள்ளூர்ச் சாரதிகள்கூட ஒன்றும் சொல்வதில்லை.

இனி வீட்டில் செய்யக்கூடியது. இந்த ஊரில் சமமான தரை கிடைப்பதே அரிது. உங்கள் வாசல் சாய்வாக இருந்தால் அங்கே வண்டியைத் தூக்கும் ஜக்கை வைக்க வேண்டாம், கோயில் முற்றத்திலோ தொழிற்சாலை வளவிலோ இடம் கேளுங்கள். ஹேண்ட் பிரேக் போட்டு, பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் வைத்து, சக்கர நட்டுகளைத் தரையில் இருக்கும்போதே சற்றுத் தளர்த்திய பிறகுதான் தூக்க வேண்டும். தூக்கியதும் தாங்கு கட்டை கட்டாயம். ஜக்கை மட்டும் நம்பி உடம்பின் எந்தப் பகுதியையும் வண்டிக்கு அடியில் கொடுக்காதீர்கள். சக்கரத்தைக் கழற்றியதும் டிஸ்க்குக்கும் அதன் பின்னுள்ள தகட்டுக்கும் இடையில் சிறு கல் மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள். தோட்டத்துப் பாதைகளில் ஓடிய வண்டியில் பாதி நேரம் சத்தத்துக்குக் காரணம் அதுதான். பேடின் உராய்வுப் பகுதி 3 மில்லிமீற்றருக்குக் குறைந்திருந்தால் மாற்ற வேண்டும், அதுவும் இரண்டு முன்சக்கரங்களுக்கும் சேர்த்து. உள்பேடு மட்டும் அதிகம் தேய்ந்திருந்தால் பேடுகளை அழுத்தும் கலிப்பர் நகர்வதற்கான வழுக்கூசியோ, அதன் பிஸ்டனோ இறுகியிருக்கிறது. ஊசிகளைத் துடைத்து, பிரேக்குக்கென்று விற்கும் சிலிக்கோன் கிரீஸைத் தடவுங்கள். சாதாரண கிரீஸ் ரப்பரை ஊதவைத்துவிடும். பேடின் முகத்திலோ டிஸ்க்கிலோ எந்த எண்ணெயும் படவே கூடாது. சத்தம் நிற்கட்டும் என்று அங்கே எண்ணெய் தடவிய புத்திசாலி ஒருவரை நான் நேரில் பார்த்திருக்கிறேன்.

பளபளத்த பேடை உப்புத்தாளால் தேய்த்தால் கொஞ்ச நாள் சத்தம் அடங்கும். பழைய வண்டியை விற்கிறவர்களும் அதையேதான் செய்கிறார்கள். 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்தி, 2025இல்தான் தனியார் கார்களுக்குத் திறந்துவிட்டார்கள். இடைப்பட்ட காலத்தில் எந்தத் தகரத்துக்கும் தங்க விலை என்றானதால், உப்புத்தாள் வியாபாரமும் வளர்ந்தது. புதிய பேடே வாங்கிவிடுங்கள். சென்னையிலிருந்து பெட்டியில் கொண்டுவரச் சொல்லி மாதக்கணக்கில் காத்திருக்கும் நம்மவர்களைப் பின்பற்ற வேண்டாம். கொழும்பு பஞ்சிகாவத்தையில் கிடைக்காத உதிரிப்பாகம் குறைவு.

புதியதைப் பொருத்தும்போது கலிப்பரை அதன் குழாயில் தொங்கவிடாமல் கம்பியால் கட்டுங்கள். பிஸ்டனை உள்ளே தள்ளும்போது எண்ணெய்க் குப்பி பொங்கிப் பெயின்ற்றில் வழியாமல் பாருங்கள். எல்லாம் மாட்டி முடித்ததும், வண்டியை நகர்த்தும் முன், மிதிகட்டை கெட்டியாகும்வரை மிதியுங்கள். இதை மறந்தால் முதல் மிதியில் பிரேக்கே இருக்காது. பிறகு விடிகாலையில் கிரகரி வாவிக் கரையோரச் சமதரைச் சாலையில், ஐம்பது கிலோமீற்றர் வேகத்திலிருந்து பத்துக்கு மெதுவாகக் குறைத்துக் குறைத்துப் பேடைப் பழக்குங்கள்.

பின்சக்கரத்து ட்ரம் பிரேக்கைத் தொட வேண்டாம். அங்கே ஸ்பிரிங்குகள் அதிகம், அதன் உராய்வுப் பூச்சான பழைய லைனரின் தூசியில் கல்நார் (அஸ்பெஸ்டஸ்) இருக்கலாம், வாயால் ஊதக் கூடாது. அதைக் கராஜ் பாஸிடம் (இங்கே மெக்கானிக்கை அப்படித்தான் அழைப்பார்கள்) விட்டுவிட்டு, அவர் கேட்கும் கூலியை இந்திய ரூபாயாக்கிக் கணக்குப் பார்த்துச் சண்டை போடாமல் கொடுத்துவிடுங்கள். இரும்பும் இரும்பும் அரைபடும் சத்தம், மிதிகட்டை தானாக அமிழ்வது, வண்டி ஒரு பக்கம் இழுப்பது, சக்கரத்தின் உட்புறத்தில் எண்ணெய்க் கசிவு ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் வண்டியை ஓட்டிப் போகாமல் பாஸை வீட்டுக்கே வரச் சொல்லுங்கள்.

உள்பேடு, வெளிப்பேடு இரண்டின் தடிப்பையும் அளந்து எழுதுங்கள், மேற்கொண்டு சொல்கிறேன். அதுவரை ராம்பொடைப் பக்கம் வண்டியை இறக்க வேண்டாம். கண்டிக்கு அவசரம் என்றால் பஸ் இருக்கிறது.