மூழ்கிய போர்க்கப்பலின் பெயரையே அடுத்த கப்பலுக்கும் வைக்கிறார்களே, அது ராசியில்லாத பெயர் ஆகாதா?

நீங்கள் ஏதோ ஓர் ஆவணப்படத்தைப் பார்த்துவிட்டு, 1942-இல் மூழ்கிய ‘ஹார்னெட்’ என்ற அமெரிக்க விமானந்தாங்கிக் கப்பல் 1945-இல் எப்படி ஜப்பானுக்கு அருகே போரிட்டது என்று குழம்பி, பிறகு அது வேறொரு கப்பல் என்று தெரிந்துகொண்டு இக்கேள்வியைக் கேட்டிருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன். நான் கடற்படையில் பணியாற்றியவன் அல்லன். ஆனால் இதே குழப்பத்தால் பத்துப் பேர் நடுவே தலைகுனிந்தவன் என்ற தகுதி எனக்கு உண்டு.

சில ஆண்டுகளுக்கு முன்பு என் தந்தையார் ஊரிலிருந்து வந்து கலிபோர்னியாவில் எங்களோடு ஆறு மாதம் தங்கியிருந்தார். ஒரு சனிக்கிழமை அவரையும் நண்பர்கள் இருவரின் குடும்பத்தாரையும் அழைத்துக்கொண்டு, ஓக்லாந்தை ஒட்டிய அலமேடாவில் அருங்காட்சியகமாக நிறுத்தப்பட்டுள்ள விமானந்தாங்கிக் கப்பல் யு.எஸ்.எஸ். ஹார்னெட்டைக் காணச் சென்றேன். முந்தைய இரவே படித்துத் தயாராகியிருந்த நான், மேல்தளத்தில் நின்றுகொண்டு, 1942 ஏப்ரல் 18 அன்று டூலிட்டில் என்ற அமெரிக்க அதிகாரியின் தலைமையில் 16 குண்டுவீச்சு விமானங்கள் இதே தளத்திலிருந்து எழும்பிச் சென்றுதான் டோக்கியோவைத் தாக்கின என்று கையை நீட்டி நீட்டி விளக்கினேன். அருகில் நின்றிருந்த முதிய தன்னார்வலர் ஒருவர் தமக்குத் தமிழ் தெரியாவிட்டாலும் ‘டூலிட்டில்’, ‘டோக்கியோ’ என்ற சொற்களை வைத்தே நான் சொல்வதை ஊகித்துக்கொண்டு, மிகுந்த மரியாதையோடு என்னைத் திருத்தினார். அந்த விமானங்களை இதே அலமேடாவில் பாரந்தூக்கியால் ஏற்றிக்கொண்டு புறப்பட்டது சி.வி.-8 என்ற எண்ணுடைய ஹார்னெட் என்றும், நாங்கள் நின்றிருப்பது சி.வி.-12 என்றும், முந்தையது தென் பசிபிக்கில் சாண்டா குரூஸ் தீவுகளுக்கு அருகே கடலடியில் கிடக்கிறது என்றும் அவர் சொன்னார்.

நண்பர்களின் பிள்ளைகள் சிரித்தார்கள். என் தந்தையார் மட்டும் சிரிக்கவில்லை. அவர் பத்திரப்பதிவு அலுவலகத்தில் முப்பது ஆண்டு பணியாற்றி ஓய்வு பெற்றவர். “சரி, இந்தக் கப்பலுக்குத் தகப்பனார் பேர் என்னன்னு கேளு” என்றார். பாட்டன் பெயரைப் பேரனுக்கு வைக்கும் நம் வழக்கத்தால் ஒரே ஊரில் ஒரே பெயரில் மூன்று பேர் இருப்பதும், தகப்பனார் பெயரை ஒழுங்காக எழுதாத பத்திரத்தால் ஒருவருடைய நிலம் இன்னொருவருடையதாகக் காட்டப்படுவதும் அவர் நாள்தோறும் கண்டவை. கப்பலுக்குத் தகப்பனார் பெயரின் வேலையைச் செய்வது அந்த எண்தான் என்று நான் சொன்னபோது, அப்படியானால் அதை முதலில் படித்திருக்க வேண்டும் என்றார்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். அமெரிக்கக் கடற்படையில் ‘ஹார்னெட்’ என்ற பெயரை இதுவரை எட்டுக் கப்பல்கள் தாங்கியுள்ளன. முதலாவது, விடுதலைப் போர் தொடங்கிய 1775-இல் சேர்க்கப்பட்ட ஒரு சிறு பாய்மரக் கப்பல். ராசி என்று பார்த்தால் மூன்றாவது கப்பலோடு இப்பெயரைக் கைவிட்டிருக்க வேண்டும். அக்கப்பல் 1813 பிப்ரவரி 24 அன்று தென்னமெரிக்காவின் டெமரேரா ஆற்று முகத்துவாரத்துக்கு அருகே ‘பீகாக்’ என்ற பிரித்தானியக் கப்பலைச் சிறிது நேரச் சண்டையிலேயே மூழ்கடித்தது. 1815 மார்ச்சில் ட்ரிஸ்டன் ட குன்யா தீவருகே ‘பெங்குயின்’ என்ற கப்பலை வென்றது (பிரித்தானியாவுடனான போர் அதற்கு முன்பே முடிந்துவிட்டது என்ற செய்தி இரு தரப்பையும் எட்டியிருக்கவில்லை). இவ்வளவு வென்ற கப்பல் 1829 செப்டம்பரில் மெக்சிகோவின் டாம்பிகோவுக்கு அப்பால் புயலில் சிக்கி, ஒருவர்கூட மிஞ்சாமல் அழிந்தது. அதன் பின்னும் பெயர் தொடர்ந்தது. இன்னும் வேடிக்கை என்னவென்றால், தாங்கள் மூழ்கடித்த எதிரிக் கப்பலின் பெயரையே அமெரிக்கர்கள் அதே 1813-இல் தங்கள் புதிய கப்பல் ஒன்றுக்கு ‘பீகாக்’ என்று சூட்டிக்கொண்டார்கள். ராசிக்கு அஞ்சுபவர்கள் செய்யும் காரியமா இது?

சி.வி.-8 பணியில் இருந்தது 1941 அக்டோபர் 20 முதல் ஓராண்டும் ஒரு வாரமும் மட்டுமே. பசிபிக்கில் மிட்வே தீவருகே ஜப்பானியரோடு நடந்த சண்டையில் அதன் எட்டாவது டார்பிடோ விமானப் படையின் 15 விமானங்களும் வீழ்த்தப்பட்டு, சென்றவர்களில் ஒரே ஒருவர் உயிரோடு மீண்டார். 1942 அக்டோபர் 26 அன்று குண்டுகளும் டார்பிடோக்களும் தாக்கிச் செயலிழந்த கப்பலை, எதிரியின் கையில் சிக்கக்கூடாதென்று அமெரிக்கர்களே டார்பிடோக்களாலும் நானூறுக்கு மேற்பட்ட பீரங்கிக் குண்டுகளாலும் அடித்தும் அது மூழ்க மறுத்தது. கடைசியில் ஜப்பானிய நாசகாரிக் கப்பல்களின் டார்பிடோக்கள்தாம் மறுநாள் அதிகாலை அதை மூழ்கடித்தன. அதைக் கட்டிய நியூபோர்ட் நியூஸ் கப்பல் கட்டும் தளத்தில், அப்போது ‘கியர்சார்ஜ்’ என்ற பெயரில் வேறொரு விமானந்தாங்கி கட்டுமானத்தில் இருந்தது. அதன் பெயரை மாற்றி ‘ஹார்னெட்’ ஆக்கினார்கள். அதே ஆண்டில் இழந்த லெக்சிங்டன், யார்க்டவுன், வாஸ்ப் ஆகிய மூன்றின் பெயர்களையும் அவ்வாறே கட்டுமானத்தில் இருந்த கப்பல்களுக்கு மாற்றினார்கள். இழந்த கப்பலைக் கட்டிய தொழிலாளிகளுக்கும், அதில் உயிர் பிழைத்த மாலுமிகளுக்கும், அந்தப் பெயரை மீண்டும் கடலில் காண்பது என்னவாக இருந்திருக்கும் என்பதை யோசித்தால் போதும். இதை நான் சகுனத்தோடு சேர்த்துப் பார்ப்பதில்லை. அந்தப் புதிய கப்பலை எதிரியின் குண்டு ஒன்றுகூடத் தாக்கவில்லை. 1945 ஜூனில் அதன் மேல்தளத்தின் முன்முனையைச் சரித்தது ஒரு சூறாவளி. 1969-இல் நிலவிலிருந்து திரும்பிய அப்பல்லோ 11 வீரர்களைக் கடலிலிருந்து மீட்டதும் அதே கப்பல்தான்.

இதைப் படித்துவிட்டு, அமெரிக்கப் போர்ப் பெருமை பாடுகிறேன் என்று சிலர் கிளம்புவார்கள். டூலிட்டில் தாக்குதலுக்குப் பழிவாங்க ஜப்பானியப் படை சீனத்தில் பல்லாயிரக்கணக்கான மக்களைக் கொன்றது என்பதும் எனக்குத் தெரியும். கேள்வி பெயரைப் பற்றியது என்பதால் பெயரைப் பற்றி எழுதுகிறேன். இந்தியாவிலும் இது உண்டு: புலிச்சுறாவின் பெயர் கொண்ட ‘கல்வரி’ நீர்மூழ்கி 1967-இல் பணியில் சேர்ந்து, ஓய்வு பெற்ற பின், 2017-இல் அதே பெயரில் இன்னொன்று வந்தது.

என் உண்மையான மனத்தாங்கல் வேறொன்று. ‘வாஸ்ப்’, ‘ஹார்னெட்’ என்ற இரண்டு பெயர்களையும் தமிழில் எழுதுபவர்கள் ‘குளவி’ என்றே எழுதிவிடுகிறார்கள். ஆறு வாரத்துக்குள் அடுத்தடுத்து மூழ்கிய இரண்டு வெவ்வேறு கப்பல்களை ஒன்றாக்கிவிட்டால், படிப்பவர் குழம்பாமல் என்ன செய்வார்? ஹார்னெட் என்பது கதண்டு. பனைமரத்தில் கூடு கட்டி, கலைத்தால் ஆளையே கொன்றுவிடும் அந்தக் கதண்டைத் தஞ்சைப் பக்கத்தில் அறியாதவர் இல்லை. “கதண்டுன்னு பேரு வெச்சவன் அதுகிட்ட கடி வாங்கினவனாத்தான் இருப்பான்” என்றார் என் தந்தையார்.

அன்று மாலை நான் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஏற்றியிருந்த படத்தின் கீழ் ‘டோக்கியோவைத் தாக்கிய கப்பல்’ என்று இருந்தது. அதை அழிக்கச் செய்து, ‘ஹார்னெட், எண் 12, எண் 8 இதற்கு மூத்தது, காலமாகிவிட்டது’ என்று தம் கையாலேயே தட்டச்சு செய்து அனுப்பிய பிறகுதான் அவர் சாப்பிட உட்கார்ந்தார்.