தம்பிக்குப் போட்ட கையெழுத்து

கேள்வி: தூத்துக்குடி மாவட்டத்தில் அரசு உதவி பெறும் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். பிடித்தம் போக 58,000 ரூபாய் கைக்கு வருகிறது. வீட்டுக்காரருக்குத் தனியார் வேலை, 14,000. வீட்டுக் கடன் தவணை 17,500. பிள்ளைகள் படிப்புக்கு மாதம் 6,000, வீட்டுச் செலவு 30,000 ஆகிறது. தம்பியின் கடைக்காக என் பெயரில் 5 லட்சம் தனிநபர் கடன் எடுத்துக் கொடுத்தேன் (14 சதவீதம், 5 வருடம்). 7 மாதம் கட்டினான். அதன்பின் 12 மாதமாக நான்தான் கட்டுகிறேன். அவன் எடுத்த 2 லட்ச ரூபாய் சீட்டுக்கும் அவனுடைய நண்பரோடு சேர்ந்து ஜாமீன் போட்டிருக்கிறேன். பள்ளிக்கு நோட்டீஸ் வந்துவிடக் கூடாதே என்று 6 மாதமாக மாதம் 5,000 நானே கட்டுகிறேன், இன்னும் 12 தவணை இருக்கிறது. கிரெடிட் கார்டில் 86,000 நிற்கிறது. தசமபாகத்தையும் (சம்பளத்தில் பத்தில் ஒரு பங்கு காணிக்கை) சில மாதங்களாகக் கார்டு வழியாகத்தான் கொடுக்கிறேன். இப்போது கடையைப் பெரிதாக்க என் நகையை வைத்து 6 லட்சம் எடுத்துத் தரச் சொல்கிறான். "கேட்கிறவனுக்குக் கொடு" என்றும், "தன் சொந்த ஜனங்களை விசாரியாதவன் அவிசுவாசியிலும் கெட்டவன்" என்றும் வசனம் சொல்கிறான். அம்மாவும் அவனோடுதான் இருக்கிறார். மறுத்தால் பாவமா? மகளின் மேற்படிப்புக்கு வருடம் 60,000 யூலிப் பாலிசியில் (காப்பீடும் முதலீடும் சேர்ந்தது) போடும்படி சபையில் தெரிந்தவர் ஒருவர் வற்புறுத்துகிறார். சேரலாமா?

பதில்: சகோதரி, நகையைக் கொடுக்காதீர்கள். "ஜெபித்துவிட்டுச் சொல்கிறேன்" என்று தள்ளியும் போடாதீர்கள். அப்படிச் சொன்னால் தம்பி அதைச் சம்மதம் என்றே எடுத்துக்கொண்டு, மொத்தக் கடைக்காரரிடம் முன்பணம் பேசிவிடுவார். உள்ளதை உள்ளதென்றும் இல்லதை இல்லதென்றும் சொல்லும்படிதான் மத்தேயு 5:37 கற்பிக்கிறது. இந்த வாரத்துக்குள், நேரில், உங்கள் வீட்டுக்காரரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொல்லிவிடுங்கள்.

உங்கள் கணக்கை முதலில் பார்ப்போம். இருவர் வருமானமும் சேர்ந்து 72,000. வீட்டுக் கடன் 17,500, தம்பியின் தனிநபர் கடன் ஏறக்குறைய 11,630, சீட்டு 5,000, படிப்பு 6,000, தசமபாகம் 5,800, வீட்டுச் செலவு 30,000. கூட்டினால் 75,930, கிட்டத்தட்ட 4,000 துண்டு விழுகிறது. இதோடு கார்டு வட்டியையும் சேர்க்க வேண்டும். மாதம் 3.5 சதவீதம் என்று வைத்தால் 86,000-க்கு 3,010. அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 540. ஆக மாதம் 7,500 ரூபாய் பள்ளம். தம்பிக்காகக் கட்டுவது மட்டும் 16,630. அந்த ஒரு வரியை அடித்துவிட்டால் இதே வருமானத்தில் 9,000 மிஞ்சும். நீங்கள் ஆடம்பரமாகச் செலவழிக்கவில்லை, காணிக்கை கொடுத்தும் ஏழையாகவில்லை. கேட்டவுடன் கையெழுத்துப் போடும் பழக்கம் ஒன்றுதான் இந்தக் குடும்பத்தைக் கடனில் தள்ளியிருக்கிறது.

இந்தப் பழக்கத்தைப் பற்றி வேதாகமம் பூசி மெழுகாமல் பேசுகிறது. நீதிமொழிகள் 6, 11, 17, 22 என்று நான்கு அதிகாரங்களில் பிணைப்படுவதை, அதாவது ஜாமீன் போடுவதைக் குறித்த எச்சரிக்கை வருகிறது. 22:27 சொல்லும் காரணம் எந்த வங்கி மேலாளருக்கும் புரியும்: செலுத்த உன்னிடம் ஒன்றும் இல்லையென்றால் நீ படுத்திருக்கும் படுக்கையையும் எடுத்துக்கொள்வார்கள். 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 128-வது பிரிவில், இதையே வேறு வார்த்தைகளில் சொல்கிறது. ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதியிருந்தாலன்றி, கடன் வாங்கியவருக்கு எவ்வளவு பொறுப்போ ஜாமீன்தாரருக்கும் அவ்வளவு பொறுப்பு. முதலில் தம்பியைக் கேட்டுவிட்டு வாருங்கள் என்று சொல்லும் உரிமைகூடப் பொதுவாக உங்களுக்குக் கிடையாது. தனிநபர் கடனிலோ நீங்கள் ஜாமீன்கூட இல்லை, கடனாளியே நீங்கள்தான். தம்பியின் பெயர் அந்தப் பத்திரத்தில் எங்கும் இல்லை.

தம்பி சொல்லும் வசனங்களுக்கு வருவோம். மத்தேயு 5:42 கொடுக்கச் சொல்கிறது. கையில் இருப்பதைத்தான் கொடுக்க முடியும். நாளைக்கு வரப்போகும் சம்பளத்தையும் பிள்ளைகளின் படிப்புப் பணத்தையும் வேறொருவரிடம் அடகு வைப்பது கொடுப்பதாகாது. 1 தீமோத்தேயு 5:8 வரும் அதிகாரத்தை முழுதாக வாசித்தால், அங்கே பவுல் பேசுவது விதவைகளைப் பராமரிப்பதைப் பற்றி என்பது தெரியும். பெற்றோர் செய்த நன்மைக்குப் பதில் நன்மை செய்யப் பிள்ளைகள் முதலில் கற்றுக்கொள்ளட்டும் என்று நான்காம் வசனமே சொல்கிறது. அம்மாவின் மருந்து, அம்மாவின் சாப்பாடு அந்தக் கட்டளைக்குள் வரும். ஹார்டுவேர் கடையோ பாத்திரக் கடையோ, அதை விரிவாக்குவது வராது.

யாராவது யாக்கோபின் மகன் யூதாவைக் காட்டலாம். தம்பி பென்யமீனுக்காக உத்தரவாதம் ஏற்றவன் அவன் (ஆதியாகமம் 43:9). பவுலும் அடிமையான ஒநேசிமுவின் கடனைத் தன் கணக்கில் வைக்கும்படி அவனுடைய எஜமான் பிலேமோனுக்கு எழுதினார். இரண்டையும் கவனித்துப் பாருங்கள். சமயம் வந்தபோது யூதா தம்பிக்குப் பதிலாகத் தானே அடிமையாக இருக்க முன்வந்தான். பவுல், "நானே அதைச் செலுத்தித் தீர்ப்பேன்" என்று தன் கையால் எழுதினார். இருவரும் முழுத் தொகையையும் தாங்களே சுமக்கத் துணிந்த பிறகு பொறுப்பேற்றவர்கள். அவன் எப்படியும் கட்டிவிடுவான் என்ற நம்பிக்கையில் போட்ட கையெழுத்து இந்த வகையைச் சேர்ந்ததல்ல. இனி யார் ஜாமீன் கேட்டாலும் உங்களுக்கு ஒரே கேள்வி போதும்: இந்தத் தொகை முழுவதையும் இன்றே இனாமாகக் கொடுக்க என்னிடம் இருக்கிறதா? இல்லையென்றால் கையெழுத்தும் இல்லை.

6 லட்சம் நகைக் கடன் பற்றி. 12 சதவீத வட்டி என்றால் மாதம் 6,000 வட்டிக்கு மட்டும் போகும், அசல் அப்படியே நிற்கும். இரண்டு வருடத்தில் அசலையும் தீர்க்க வேண்டுமானால் மாதம் 28,000-க்குக் குறையாமல் கட்ட வேண்டும். 26 வியாபார நாட்கள் என்று வைத்தால், நாளொன்றுக்கு ஆயிரத்துக்கு மேல் கடையிலிருந்து தனியாக எடுத்து வைக்க வேண்டும். அவர் இப்போதே உங்களுக்குத் தர வேண்டிய 16,630-ஐ அதே 26-ஆல் வகுத்தால் தினம் 640 ரூபாய். அந்த 640-ஐ வைக்க முடியாத கடை ஆயிரத்தை எங்கிருந்து வைக்கும்? கோபுரம் கட்ட மனதாயிருப்பவன் முதலில் உட்கார்ந்து செல்லும் செலவைக் கணக்குப் பார்க்க வேண்டும் (லூக்கா 14:28). தம்பியின் விரிவாக்கத் திட்டத்தில் இந்தக் கணக்கு இருக்கிறதா என்று கேளுங்கள். ஆறு மாத விற்பனை நோட்டையும் கடைக்கு வர வேண்டிய பாக்கியையும் காட்டச் சொல்லுங்கள்.

மாட்டிக்கொண்டவர் எப்படி வெளியே வர வேண்டும் என்பதற்கும் நீதிமொழிகள் 6:3 முதல் வழி சொல்கிறது. கண்ணுக்கு நித்திரை வரவிடாமல், போய், தாழ்மையாகவும் விடாப்பிடியாகவும் கேட்டு, வேடன் கைக்குத் தப்பும் குருவிபோல் தப்பிக்கொள்ள வேண்டும். தம்பியிடம் தினம் 640 ரூபாய் கேளுங்கள். கடைக்காரரிடம் மாதக் கடைசியில் மொத்தமாகக் கேட்டால் கிடைக்காது, சரக்கில் போய்விடும். இரவு கடை சாத்தும்போது யுபிஐ-யில் உங்கள் தனிக் கணக்கு ஒன்றுக்கு வரட்டும். முழுசும் முடியாது என்றால் 400-ல் தொடங்கட்டும், ஆனால் தினமும் வர வேண்டும்.

இதுவரை நீங்கள் கட்டியது, கடனுக்கு 1,39,600, சீட்டுக்கு 30,000, ஆக ஏறக்குறைய 1.7 லட்சம். இதை ஒரு தாளில் எழுதி, தனிநபர் கடன் தன் கடைக்காகவே எடுக்கப்பட்டது என்ற வாசகத்தோடு அவரிடம் தேதி போட்டுக் கையெழுத்து வாங்குங்கள். உடன்பிறந்தவனிடம் எழுதி வாங்குவதா என்று தயங்க வேண்டாம். எரேமியா தன் பெரியப்பன் மகனிடம் நிலம் வாங்கியபோதே பத்திரம் எழுதி, சாட்சி வைத்து, வெள்ளியை நிறுத்துக் கொடுத்தார் (எரேமியா 32). கடன் பாக்கிக்குப் பொதுவாக 3 வருடம்தான் காலவரம்பு. அதற்குள் எழுத்தில் ஒப்புக்கொண்டாலோ, ஒரு பகுதியைக் கட்டி அதற்கு அவர் கையெழுத்து இருந்தாலோ அந்தக் காலம் புதிதாகத் தொடங்கும்.

தனிநபர் கடனில் இன்னும் 41 தவணை, 4.77 லட்சம். இன்றே முடித்தால் அசல் பாக்கி ஏறத்தாழ 3.77 லட்சம், அதன்மேல் முன்கூட்டி முடிக்கும் கட்டணம் எவ்வளவு என்று அனுமதிக் கடிதத்தில் பாருங்கள். தம்பிக்கு மனையோ வண்டியோ இருந்தால், அதை விற்று இதை அடைக்கும் பேச்சைத் தொடங்க வேண்டியவர் நீங்கள்தான். அதுவரை ஒரு தவணையையும் தவறவிடாதீர்கள். நாளை மகளுக்குக் கல்விக் கடன் கேட்டால் பெற்றோரும் இணைந்து கையெழுத்திட வேண்டியிருக்கும், அப்போது வங்கி பார்ப்பது உங்கள் கடன் வரலாற்றைச் சொல்லும் சிபில் அறிக்கையை. ஒவ்வொரு கடன் தகவல் நிறுவனமும் வருடத்துக்கு ஒரு முழு அறிக்கை இலவசமாகத் தர வேண்டும். வாங்கிப் பார்த்து, மறந்துபோன ஜாமீன் வேறெதுவும் உங்கள் பெயரில் இல்லை என்று உறுதி செய்யுங்கள்.

கார்டை இந்த மாதமே மூடுங்கள். இதற்கு மட்டும் நகையைத் தொடலாம். 86,000-க்குத் தேவையான அளவு மட்டும் வங்கியில் அடகு வைத்தால், 12 சதவீதத்தில் மாத வட்டி 860. இப்போது போகிற 3,550-ஓடு ஒப்பிட்டால் மாதம் 2,700 மிச்சம். தம்பி தரும் பணத்தில் முதல் 5,000 இந்த அசலுக்குப் போகட்டும், ஒன்றரை வருடத்தில் நகை வீட்டுக்கு வந்துவிடும். கார்டை வெட்டிப் போடாமல் வைத்திருந்தால் இந்த ஏற்பாடு பலிக்காது. நகையும் வங்கியில் இருக்கும், கார்டிலும் பாக்கி ஏறும்.

தசமபாகத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்ல வேண்டியிருக்கிறது. 5,800 காணிக்கை கொடுக்கும் அதே மாதத்தில் 3,550 கார்டு நிறுவனத்துக்கு வட்டியாகப் போகிறது. மனவிருப்பம் இருந்தால், ஒருவனிடத்தில் இல்லாததின்படியல்ல, உள்ளதின்படியே அங்கீகரிக்கப்படும் என்று 2 கொரிந்தியர் 8:12 தெளிவாகச் சொல்கிறது. சம்பளம் ஏறிய அன்றே வங்கிக் கணக்கிலிருந்து கொடுங்கள். எவ்வளவு என்பதை நீங்களும் வீட்டுக்காரரும் ஜெபித்துத் தீர்மானியுங்கள், தொகை சில மாதம் குறைந்தால் ஆயரிடம் மறைக்க வேண்டியதில்லை. சபையின் அறுப்பின் பண்டிகை ஏலத்தில் நாலு பேர் பார்க்கிறார்கள் என்று வாழைத்தாரைக் கடனுக்கு ஏற்றிக் கேட்பதையும் இந்த வருடம் விட்டுவிடுங்கள்.

யூலிப் வேண்டாம். மாதம் 7,500 பள்ளத்தில் இருக்கும் குடும்பத்தை வருடம் 60,000 கட்டச் சொல்வது எனக்குப் பொறுமையைச் சோதிக்கிறது. முதல் 5 வருடம் பணத்தைத் தொட முடியாது. இரண்டாம் வருடம் கட்ட முடியாமல் நின்றாலும், கட்டணம் கழித்த மீதி அந்த 5 வருடம் முடிந்துதான் கைக்கு வரும். விற்பவர் சபையில் பக்கத்து இருக்கையில் உட்காருபவர் என்பதால் பாலிசியின் கட்டணங்கள் குறைந்துவிடாது. கடன்கள் தீரும்வரை உங்களுக்குத் தேவையானது உங்கள் உயிருக்கு ஒரு டேர்ம் பாலிசி (முதலீடு கலக்காத வெறும் ஆயுள் காப்பீடு) மட்டுமே.

அம்மாவின் மருந்துச் செலவை மாதாமாதம் மருந்துக் கடையிலேயே நேரடியாகக் கட்டிவிடுங்கள். தம்பி கையில் கொடுத்தால் அது கடைக்குள் போய்விடும்.

கடைசியாகச் சீட்டு. மீதி 60,000. உங்களோடு கையெழுத்திட்ட அந்த நண்பரும் ஒப்பந்தச் சட்டத்தின் 146-வது பிரிவின்படி சமபங்கு ஏற்க வேண்டியவர். நீங்கள் ஏற்கெனவே கட்டிய 30,000-ஐயும் சேர்த்தால் 90,000, அதில் அவருடைய பங்கு 45,000 என்று அவரிடம் எழுத்தில் சொல்லுங்கள். சீட்டு நிறுவனக் கிளைக்குப் போய்த் தம்பியின் கணக்கு நகலைக் கேளுங்கள். தவணை தவறியதால் கசர் (ஏலத் தள்ளுபடியில் உறுப்பினருக்கு வரும் பங்கு) எவ்வளவு போயிற்று, அபராதம் எவ்வளவு ஏறியிருக்கிறது, அவர் வேறு ஈடு ஏதாவது கொடுத்திருக்கிறாரா என்று பாருங்கள். ஈடு இருந்து, பாக்கி முழுவதையும் நீங்கள் அடைத்தால் அந்த ஈட்டின் மேல் உங்களுக்கு உரிமை வரும். இனிமேல் கட்டும் ஒவ்வொரு ரசீதிலும் "ஜாமீன்தாரர் செலுத்தியது" என்று உங்கள் பெயரோடு எழுதி வாங்குங்கள். தம்பி பெயரில் ரசீது இருந்தால், பிறகு நீங்கள்தான் கட்டினீர்கள் என்று நிரூபிப்பது கடினமாகிவிடும். நோட்டீஸ் வந்தாலும் பதற வேண்டாம். சீட்டு நிதிச் சட்டம் 1982-இன் 64-வது பிரிவின்படி இந்தத் தகராறு பதிவாளர் முன் நடுவர் விசாரணைக்குப் போகும். அந்தத் தேதியில் பள்ளிக்கு விடுப்பு போட்டுவிட்டு, ரசீதுகளோடு நேரில் போய் நில்லுங்கள். போகாமல் இருந்தால் சீட்டு நிறுவனம் எழுதித் தந்த தொகைக்கே ஒருதலையாக உத்தரவாகிவிடும்.