மெக்கானிக்கல் படிக்கப் பரமக்குடியா, கோவையா?

மகனுக்கு மெக்கானிக்கல்தான் பிடிக்கிறது, கோவையில் இடம் கிடைக்கிற அளவுக்கு கட்-ஆஃபும் இருக்கிறது என்கிறீர்கள். ‘எங்கே படித்தாலும் அதே பாடம்தானே, பரமக்குடிப் பக்கமே சேர்த்துவிடலாமா?’ என்பது உங்கள் கேள்வி.

மெக்கானிக்கலுக்குக் கல்லூரி வாசலுக்கு வெளியே என்ன இருக்கிறது என்றும் பார்க்க வேண்டும். கோவை மழை குறைந்த பூமி. கிணற்றை ஆழமாக வெட்டினார்கள், தண்ணீர் இறைக்க பம்பு தேவைப்பட்டது. 1930களில் நீலகிரியில் உள்ள பைக்காரா நீர்மின் நிலையத்திலிருந்து மின்சாரம் வந்தது. பஞ்சாலைகளுக்கு உதிரிபாகம் செய்த பட்டறைகள் மோட்டார் பக்கம் திரும்பின, 1937இல் ஜி.டி. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் மின்மோட்டார் தயாரித்தார்கள். அப்புறம் வெட் கிரைண்டர் வந்தது. இன்றைக்கும் கோவையின் கணபதிப் பகுதிக்குப் போனால் பேட்டர்ன் (வார்ப்புக்கான மாதிரி அச்சு) செய்ய ஒருவர், வார்ப்புக்கு ஒரு ஃபவுண்டரி, கடைசலுக்கு லேத் பட்டறை, மோட்டாருக்குக் காயில் சுற்ற இன்னொருவர் என்று எல்லாம் பக்கம் பக்கமாக இருக்கும். ஒரு யோசனை தோன்றினால் மாதிரி செய்து பார்த்து, சரிவராவிட்டால் உடனே மாற்றிவிடலாம். இந்த வசதி ஒரே நாளில் வந்ததல்ல.

உங்கள் ராமநாதபுரம் மாவட்டத்துக்கும் பெரிய முதலீடு வந்தது. கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் 2016இல் ஓடத் தொடங்கியது. ஆனால் அந்த மாதிரி நிலையத்துக்குக் கட்டும்போதுதான் ஆள் நிறைய வேண்டும், ஓட ஆரம்பித்தபின் கொஞ்சம் பேர் போதும். அதைச் சுற்றிப் பட்டறைகள் சுலபத்தில் முளைக்காது.

அதனால் சாய்ஸ் கொடுக்கும்போது கோவையை மேலே போடுங்கள். அங்கேயும் எல்லாக் கல்லூரியும் ஒன்றில்லை. இறுதியாண்டு ப்ராஜெக்ட்டைத் தொழிற்சாலையில் செய்தவர்கள் எத்தனை பேர் என்று கேளுங்கள். பிளேஸ்மென்ட் சதவீதத்தைப் பேனரில் போடுவார்கள், இதைப் போடமாட்டார்கள்.

கம்ப்யூட்டர் சயின்ஸ் என்றால் இவ்வளவு அழுத்திச் சொல்லமாட்டேன். அதை லேப்டாப்பில் வீட்டிலேயே பழகலாம். தென்காசி பக்கம் மத்தளம்பாறை கிராமத்திலேயே சோஹோ மென்பொருள் நிறுவனம் இருக்கிறது.

ஹாஸ்டல் செலவுதான் தடையென்றால், மகன் ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவனா? அப்படியானால் 7.5 சதவீத ஒதுக்கீட்டில் சேருங்கள், கல்விக் கட்டணத்தோடு விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டும். குடும்பத்தின் முதல் பட்டதாரிக்கான சலுகை கல்விக் கட்டணத்துக்கு மட்டுமே, விடுதிக்கு உதவாது.

அந்த ஒதுக்கீடும் இல்லை, ஹாஸ்டல் செலவுக்கும் வழியில்லையா? சரி, பக்கத்திலேயே சேருங்கள். ஆனால் இரண்டாம் ஆண்டு விடுமுறையிலேயே ஒரு மாதம் கோவைப் பட்டறை ஒன்றில் இன்டர்ன்ஷிப்புக்கு விடுங்கள். சம்பளம் கேட்க வேண்டாம், தங்கும் செலவை மட்டும் இப்போதே ஒதுக்கி வையுங்கள்.