பை மாட்டிய பிள்ளையை ஆச்சியும் தூக்கட்டும்

கேள்வி: கல்லிடைக்குறிச்சி பக்கம் எங்கள் ஊர். மகனுக்கு நாலு மாதம். பிறந்து மூன்று நாளாகியும் காட்டுமலம் (பிறந்த பிள்ளையின் முதல் கறுப்பு மலம்) போகவில்லை. ஆசனவாயில் வெற்றிலைக் காம்பு வைத்துப் பார்த்தோம். வயிறு உப்பி, பச்சையாக வாந்தி எடுத்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். ஹிர்ஷ்ஸ்பிரங் நோய் என்று சொல்லி, பெருங்குடலை வயிற்றில் திறந்து பை மாட்டியிருக்கிறார்கள். இப்போது அதைச் சுற்றித் தோல் வெந்து, பை ஒட்டவே மாட்டேன் என்கிறது. வீட்டுக்காரர் கேரளாவில் வேலை. நான் பீடி சுற்றுகிறேன். மாமியார் பிள்ளையைத் தொடப் பயப்படுகிறார். கிரகணத்தன்று நான் வெளியே போனதுதான் காரணம் என்கிறார்.

பதில்: கிரகணப் பேச்சை முதலில் முடித்துவிடுவோம் அம்மா. கருவின் முதல் மூன்று மாதத்துக்குள், குடலை அசைக்கும் நரம்பணுக்கள் மேலிருந்து ஆசனவாய் வரை இறங்கி வர வேண்டும். ஏறக்குறைய 5,000 பிள்ளைகளில் ஒருவருக்கு அவை பாதியிலேயே நின்றுவிடுகின்றன. வந்து சேராத பகுதி இறுகிக் கிடக்கும், மலம் தாண்டாது. நீங்கள் தின்றதாலோ நடந்ததாலோ வந்ததில்லை. மாமியாரிடம் இதை அப்படியே வாசித்துக் காட்டுங்கள்.

வெற்றிலைக் காம்பு பற்றி மற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை. இந்த நோயிலும் காம்பு வைத்தால் சில சமயம் மலம் பீறிட்டு வரும். சரியாகிவிட்டது என்று வீடு நிம்மதியாகிவிடும், நாள் கடந்துவிடும். பிறந்து 24 மணி நேரத்தில் காட்டுமலம் போகவில்லை என்றால் பிள்ளையை டாக்டரிடம் காட்ட வேண்டும்.

தோல் வெந்ததற்குக் காரணம் பெரும்பாலும் பையில் வெட்டும் ஓட்டையின் அளவுதான். ஆபரேஷன் முடிந்த சில வாரங்களில் குடல்வாய், அதாவது வயிற்றில் திறந்துவிட்ட குடலின் வாய், வீக்கம் வற்றிச் சிறுத்துவிடும். ஆஸ்பத்திரியில் சொன்ன பழைய அளவிலேயே இன்னும் பையின் ஓட்டையை வெட்டுகிறீர்களா? அப்படியானால் இடைவெளியில் மலம் தோலில் பட்டு அரிக்கும். குடல்வாயைப் புதிதாக அளந்து, சுற்றிலும் 2 மில்லிமீட்டர் மட்டும் கூடுதலாக வெட்டுங்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் பழைய வேட்டித் துணியை நனைத்து ஒற்றினால் போதும், நன்றாக உலர்ந்தபின் ஒட்டுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம், பை பிடிக்காது. மூன்றில் ஒரு பங்கு நிறைந்ததுமே காலி செய்யுங்கள். பீடித் தட்டிலிருந்து எழுந்தால் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுத்தான் பிள்ளையைத் தொட வேண்டும், புகையிலைத் தூள் அவனுக்கு ஆகாது. ஒரு வாரத்தில் புண் ஆறாவிட்டால் காட்டுங்கள்.

குடல்வாய் சிவப்பாக, ஈரமாக இருப்பதுதான் ஆரோக்கியம். தொட்டால் வலிக்காது. மாமியாரின் பயம் அங்கேதான் இருக்கும் என்று நினைக்கிறேன். அடுத்த முறை ஆஸ்பத்திரிக்கு அவரையும் கூட்டிப்போய், நர்ஸ் பக்கத்தில் நிற்க, அவர் கையாலேயே ஒரு பை மாற்ற வையுங்கள்.

காய்ச்சலோடு வயிறு உப்பினால், நாற்றத்தோடு தண்ணீராகப் பீய்ச்சினால், பச்சை வாந்தி எடுத்தால், குடல்வாய் கறுத்தால், விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். 108-ஐக் கூப்பிட்டுப் பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். குடல் அழற்சி சில மணி நேரத்தில் முற்றிவிடும். அடுத்த ஆபரேஷனுக்குப் பிறகும் இது வரலாம்.

அந்த ஆபரேஷனில் நரம்பில்லாத பகுதியை எடுத்துவிட்டு, நல்ல குடலைக் கீழே இழுத்துத் தைப்பார்கள். அதன்பின் சில வாரம் ஒரு நாளில் பத்துத் தடவைகூட மலம் போகும், பிட்டம் புண்ணாகும். உங்களுக்குத் தூக்கமே இருக்காது. தேதி தெரிந்ததும் வீட்டுக்காரரை லீவு போட்டு வரச் சொல்லுங்கள். ஆச்சி கை அதற்குள் பழகியிருக்கட்டும்.