'வெறும் நர்ஸ்'னு எழுதின தங்கச்சிக்கு

வணக்கம் அக்கா,

நான் பிஎஸ்சி நர்சிங் செகண்ட் இயர். எம்பிபிஎஸ் தான் ஆசை, நீட்ல மார்க் வரல, அப்பா கடன் வாங்கி இதுல சேர்த்துவிட்டாரு. போன வாரம் ஒரு பாட்டிக்கு டிரிப்ஸ் ஏத்தற ஊசிக்குழாய், அதான் வென்ஃப்ளான், போட ரெண்டு தடவை குத்தியும் வெயின் கிடைக்கல, இன்சார்ஜ் சிஸ்டர் பேஷண்ட் முன்னாடியே திட்டிட்டாங்க. ராத்திரி கேஸ் புக்க தொறந்து வெச்சுட்டு அழறேன். வெறும் நர்ஸ் ஆகறதுக்கா இவ்வளவு கஷ்டம்னு தோணுது. நின்னுடலாம்னா, மீதி வருஷ ஃபீஸையும் கட்டினா தான் ஒரிஜினல் சர்டிஃபிகேட் தருவோம்ங்கறாங்க. மனசு விட்டுப்போகாம இருக்க ஏதாவது மோட்டிவேஷன் புக் சொல்லுங்க.

– பெயர் வேண்டாம்

அன்புத் தங்கச்சிக்கு,

மோட்டிவேஷன் புக் எல்லாம் என்கிட்ட கிடையாதும்மா. நைட் டூட்டி முடிச்சு கால் வீங்கி வர்ற பொண்ணுகிட்ட 'உன்னால் முடியும்'னு அட்டை போட்டு விக்கிறவங்களப் பாத்தாலே எனக்கு எரிச்சல் வரும். வெயின் கிடைக்காததெல்லாம் ஒரு விஷயமே இல்ல, வயசானவங்களுக்கு நரம்பு நழுவும், கை பழகினா சரியாயிடும். பேஷண்ட் முன்னாடி திட்டினது தப்பு தான், தனியா கூப்பிட்டு சொல்லியிருக்கலாம். அத விடு.

ஆனா 'வெறும் நர்ஸ்'னு எழுதியிருக்க பாரு, அதுக்கு உன் காதைத் திருகணும்.

எங்கப்பாவுக்கு ஸ்ட்ரோக் வந்து ஒரு பக்கம் விழுந்து ஆஸ்பத்திரில கெடந்தப்போ, பேக் கேர் குடுக்க, அதாவது முதுகப் பாத்து சுத்தம் பண்ணிவிட, ஒரு ஸ்டூடண்ட் பொண்ணு வந்தா. உன் வயசு தான் இருக்கும், அன்னைக்குக் காலைல தான் பெட்ஷீட் மூலைய சரியா மடிக்கலன்னு வார்டுக்கே கேக்குற மாதிரி திட்டு வாங்கியிருந்தா. அப்பாவ ஒருக்களிச்சுப் படுக்க வெச்சு, வால் எலும்பு மேல விரல வெச்சு அழுத்தி எடுத்து, "அக்கா இங்க பாருங்க, அழுத்தினா வெளுத்துட்டு திரும்ப செவக்கணும், இது வெளுக்கவே இல்ல, படுக்கைப் புண்ணு ஆரம்பிக்குது"ன்னா. எனக்கு ஒண்ணுமே தெரியல. நம்ம தோல் கலருக்கு செவப்பு சட்டுனு தெரியாது, பொறங்கைய வெச்சு சூடு பாருங்கன்னா. பாத்தேன், அந்த எடம் மட்டும் கொதிச்சுது. நான் தேய்ச்சுவிடப் போக, கையத் தட்டிவிட்டா, அந்த எடத்துல தேய்க்கவே கூடாதாம். ஒரு தாள்ல இடது, நேர், வலதுன்னு ரெண்டு மணிக்கு ஒருக்கா நேரம் எழுதி கட்டில்ல ஒட்டிட்டு, குதிகால் படுக்கைல படாம கெண்டைக்காலுக்குக் கீழ தலகாணி வெச்சுட்டுப் போயிட்டா. ரவுண்ட்ஸ் வந்த எந்த டாக்டரும் அதுவரைக்கும் அப்பாவத் திருப்பிப் பாக்கல. கடைசி வரைக்கும் புண்ணு வரல, வராத புண்ண யாரு டிஸ்சார்ஜ் சம்மரில எழுதப் போறாங்க? அந்தப் பொண்ணு வெறும் நர்ஸாம்மா?

வருஷா வருஷம் மே 12 அன்னைக்கு நர்ஸ் தினம்னு விளக்கேத்தி கேக் வெட்டறோமே, நர்சிங்குக்கே முன்னோடியான அந்த நைட்டிங்கேல் அம்மாவே தன் புத்தகத்துல எழுதியிருக்காங்க, படுக்கைப் புண் வந்தா அது பெரும்பாலும் நோயோட தப்பு இல்ல, கவனிப்போட தப்புன்னு. சரி, ஒத்துக்கறேன், ஆனா கவனிக்க ஆளு எங்க? டீச்சிங் ஹாஸ்பிடல் வார்டுல 3 பேஷண்டுக்கு ஒரு நர்ஸ்னு இந்திய நர்சிங் கவுன்சில் கணக்கு இருக்கு. அப்பா கெடந்த வார்டுல ராத்திரி ஒரே ஸ்டாஃப், கட்டில் பத்தாம பாய் போட்டுப் படுத்தவங்க வேற. அந்தம்மா எத்தன பேரத் திருப்புவாங்க, எப்ப சார்ட் எழுதுவாங்க, எப்ப பாத்ரூம் போவாங்க? ஆள் போட மாட்டாங்க, ஆனா ஸ்ட்ரெஸ் மேனேஜ்மென்ட்டுன்னு ஏசி ஹால்ல ஒரு மணி நேரம் பேச ஆள் கூட்டிட்டு வருவாங்க. 2016ல சுப்ரீம் கோர்ட் சொல்லி அமைச்ச கமிட்டி, எவ்வளவு சின்ன ப்ரைவேட் ஆஸ்பத்திரியா இருந்தாலும் நர்ஸுக்கு மாசம் 20,000க்குக் கொறையக் கூடாதுன்னு சொல்லுச்சு, உங்க சீனியர்ஸ் என்ன வாங்கறாங்கன்னு கேட்டுப் பாரு. உன்னத் திட்டின இன்சார்ஜும் இதுக்குள்ள ஓடித் தேஞ்சவங்க தான், அதுக்காக அவங்க பேசினது சரின்னு சொல்லல. நீ அழறதுல பாதி உன் குறையே இல்ல, அத உன் தலைல போட்டுக்காத, அவ்வளவு தான்.

எங்கியோ போயிட்டேன். நிக்கணும்னு நெஜமாவே தோணினா தாராளமா நில்லு, அழுதுகிட்டே படிக்கணும்னு யாரும் எழுதி வெக்கல. ஆனா ஃபீஸ் பாக்கிய காட்டி ஒரிஜினல புடிச்சு வெக்க காலேஜுக்கு உரிமை கிடையாது, சென்னை ஹைகோர்ட் இத ஒரு தடவைக்கு மேல சொல்லியிருக்கு. வாயால கேக்காத, லெட்டரா எழுதி ஸ்பீட் போஸ்ட்ல அனுப்பு, ரசீத பத்திரமா வெச்சுக்கோ. மசியலன்னா மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போ, பொண்ணுங்களுக்கு அங்க வக்கீல் இலவசம்.

அக்கா