நைட் ஷிஃப்டில் அவர் என்ன செய்கிறார்?

(அனல் மின் நிலையக் கட்டுப்பாட்டு அறையில் 29 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.)

கேள்வி: 2020 ஏப்ரல் 5 இரவு நாடு முழுக்க 9 நிமிடம் விளக்கணைத்தோம். கிரிட் (நாடு முழுக்க இணைந்த மின்வலை) விழுந்துவிடும் என்று பயந்தார்களே, ஏன் விழவில்லை?
– சேலம் மாணவர் ஒருவர்

பதில்: தம்பி, தேவை சட்டென்று குறைந்தால் ஜெனரேட்டர்கள் வேகமெடுக்கும், நொடிக்கு 50-ல் நிற்க வேண்டிய சைக்கிள் (மின்சார அலைவெண்) ஏறும். அன்று இறங்கியது சுமார் 31,000 மெகாவாட். கைகொடுத்தவை புனல் மின் நிலையங்கள்தான். தண்ணீரைக் குறைத்தால் நிமிடங்களில் லோடு இறங்கிவிடும். பாய்லர் நெருப்பை அந்த வேகத்தில் தணிக்க முடியாது. சைக்கிள் 49.70க்கும் 50.26க்கும் நடுவிலேயே நின்றது. நான் அப்போது ஓய்வு பெற்றுவிட்டேன். வீட்டில் அகல்விளக்கை ஏற்றி வைத்தேனே தவிர, மனசு முழுக்கப் பேனல் முன்னால்தான் இருந்தது.

கேள்வி: யூனிட் (பாய்லர், டர்பைன், ஜெனரேட்டர் சேர்ந்த தொகுதி) டிரிப் ஆனால், அதாவது சட்டென்று தானாக நின்றுவிட்டால், மறுபடி ஓட ஏன் மணிக்கணக்காகிறது?
– தூத்துக்குடி வாசகர்

பதில்: உங்கள் ஊர் நிலையத்தில் 210 மெகாவாட் யூனிட் ஐந்து இருக்கின்றன, முதல் யூனிட் 1979-ல் ஓடத் தொடங்கியது. நான் பார்த்ததும் வேறொரு நிலையத்தில் அதே அளவு யூனிட்தான். ஜெனரேட்டரைச் சுழற்றும் டர்பைனுக்குப் போகிற நீராவி ஏறக்குறைய 540 டிகிரி. டிரிப் ஆகி சுழற்சி நின்றதும் ரோட்டரை (டர்பைனின் சுழலும் தண்டை) அப்படியே விட்டுவிட்டால், மேல்பக்கம் சூடாகவும் கீழ்ப்பக்கம் ஆறியும் போய், அத்தனை டன் எஃகும் வளைந்துவிடும். அதனால் பாரிங் கியர் என்ற மோட்டார் அமைப்பைப் போட்டு மெதுவாகச் சுற்றவிட்டுக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு தடவை நிலையத்துக்கே கரண்ட் இல்லாமல் போய் பாரிங் கியர் ஓடவில்லை. நாலு பேர் கம்பியைப் போட்டு, கால் மணிக்கு ஒரு தடவை அரைச்சுற்று என்று கையாலேயே திருப்பினோம். சாக்பீஸால் ஷாஃப்டில் கோடு போட்டுக்கொண்டோம், எவ்வளவு திரும்பியது என்று தெரிய வேண்டுமே. விடிகிறவரை யாரும் உட்காரவில்லை.

திரும்ப ஓட்டும்போது முதலில் பாய்லரில் எண்ணெயால் நெருப்பு, அப்புறம் நீராவிக்கு பிரஷர், நீராவி வெளியேறும் பக்கத்தில் வேக்குவம், டர்பைனுக்கு நிமிடத்துக்கு 3,000 சுற்று. கடைசியில் கிரிட்டோடு சேர்ப்பது. ஜெனரேட்டரும் கிரிட்டும் ஒத்துப்போகிறதா என்று காட்டும் சிங்க்ரோஸ்கோப் முள் மெல்லச் சுற்றி 12 மணி இடத்தை நெருங்கும்போது, இரண்டையும் இணைக்கும் பிரேக்கரைப் போட வேண்டும். தப்பான இடத்தில் போட்டால் ஜெனரேட்டரே உதறும். எத்தனை வருடம் செய்தாலும் அந்த நொடியில் எனக்கு உள்ளங்கை வியர்க்கும்.

கேள்வி: என் கணவர் அனல் மின் நிலையத்தில் ஷிஃப்ட் பார்க்கிறார். எல்லாம் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும் என்கிறார்கள். பிறகு ராத்திரியில் அவருக்கு என்ன வேலை?
– ஓமலூர் வாசகி

பதில்: சகோதரி, அவர் கண் முதலில் போவது டிரம் லெவலுக்கு, அதாவது பாய்லரின் மேலே தண்ணீரும் நீராவியும் பிரியும் தொட்டியின் நீர்மட்டத்துக்கு. பாய்லர் டிரம்மில் தண்ணீர் குறைந்தால் டியூப் கருகும். கூடினால் தண்ணீர் நீராவியோடு போய் டர்பைன் பிளேடை அடிக்கும். மணிக்கு 600 டன்னுக்கு மேல் நீராவி போகிற இடத்தில் யோசித்து நிற்க நேரமே கிடையாது. சாதாரண நாளில் கம்ப்யூட்டர் இதைச் சரியாகவே பார்த்துக்கொள்ளும்.

மழை நாளில் கதை வேறு. ஓர் ஐப்பசி ராத்திரி, இரண்டரை மணி. ஈர நிலக்கரி பங்கரில் (நிலக்கரித் தொட்டியில்) களிமண் மாதிரி அப்பிக்கொண்டு இறங்கவில்லை. அடுத்தடுத்து நிலக்கரியைப் பொடியாக்கும் மில் இரண்டு நின்றுபோயிற்று. ஃபர்னஸில் ஜுவாலை துடிக்க ஆரம்பித்தது. உடனே எண்ணெயைப் பீய்ச்சி எரிக்கும் கன்களைப் போட்டு லோடை 140 மெகாவாட்டுக்கு இறக்கினோம். மேலே பங்கர் தளத்தில் ஆட்கள் சம்மட்டியால் தகட்டை அடித்துக்கொண்டே இருந்தார்கள். இன்டர்காமில் அந்தச் சத்தம்தான் கேட்டது, திடீரென்று, "இறங்குது சார்!" என்று ஒரு குரல். அதை எந்தத் திரையும் முன்கூட்டிச் சொல்லவில்லை. சம்மட்டி பிடித்தவர்கள் பெரும்பாலும் ஒப்பந்தத் தொழிலாளர்கள். யூனிட்டைக் காப்பாற்றியது அவர்கள் கை. லாக் புக்கில் அவர்கள் பெயர் ஏறவில்லை என்பது எனக்கு இன்றும் வருத்தம்.

ஒன்று கேட்டுக்கொள்கிறேன். காலையில் வந்து படுக்கிறவரைப் பதினோரு மணிக்கு எழுப்பாதீர்கள். ஜன்னலுக்குக் கனமான துணி போடுங்கள், குக்கரைக் கொஞ்சம் தாமதமாக வையுங்கள். அன்று ராத்திரியும் அவர் டிரம் லெவலைப் பார்த்தாக வேண்டும்.