தாய்லாந்துச் சான்றிதழும் சென்னை ஃபிளாட்டும்

கேள்வி: நானும் என் துணைவியும் (இருவரும் பெண்கள்) ஏழு ஆண்டுகளாகச் சென்னையில் சேர்ந்து வாழ்கிறோம். ஃபிளாட் அவர் பெயரில். 42,000 ரூபாய் இ.எம்.ஐ.யில் பாதியை மாதாமாதம் அவருக்கு அனுப்புகிறேன். தாய்லாந்து போய்த் திருமணத்தைப் பதிவு செய்தால் எனக்கு வீட்டில் உரிமை வருமா? அதற்கென்று 4 லட்சம் சேர்த்திருக்கிறோம்.

பதில்: வராது. அங்கே 2025 ஜனவரியிலிருந்து ஒரே பாலினத்தவர் சட்டப்படி மணக்கலாம். ஆனால் 2023 அக்டோபரில் நம் உச்ச நீதிமன்றம், இத்தகைய திருமணத்தை அங்கீகரிப்பது நாடாளுமன்றத்தின் வேலை என்று ஒதுங்கிக்கொண்டது. அதனால் அந்தச் சான்றிதழ் இங்கே வாரிசுரிமை தராது. ஆசைக்காகப் போவதென்றால் தாராளமாகப் போய் வாருங்கள்.

வீட்டுக்கு வருவோம். நீங்கள் இந்துக்கள் என்று வைத்துக்கொள்கிறேன். உயில் இல்லாமல் அவர் இறந்தால் ஃபிளாட் அவருடைய அம்மா அப்பாவுக்குப் போகும். நீங்கள் கட்டிய பாதி கணக்கிலேயே வராது. இப்போதே பாதியை உங்கள் பெயருக்கு எழுதலாமே என்றால், குடும்பத்துக்குள் செட்டில்மென்ட் (பணம் வாங்காமல் சொத்தை எழுதிக் கொடுப்பது) செய்பவர்களுக்கு முத்திரைத் தீர்வை 1 சதவீதம்தான். நீங்கள் 'வெளியாள்', 7 சதவீதம். போதாததற்கு, உறவினர் அல்லாதவரிடம் ஆண்டுக்கு 50,000 ரூபாய்க்கு மேல் அன்பளிப்பு பெற்றால் வருமான வரியும் உண்டு. உயில் வழியாக வரும் சொத்துக்கு இவை இரண்டுமே இல்லை. ஆகவே உயில்தான். இரண்டு சாட்சிகள் வேண்டும். பதிவு கட்டாயமில்லை, ஆனாலும் பதிவு செய்துவிடுங்கள். பெற்றோருக்கு ஏன் வீட்டைத் தரவில்லை என்று அதில் ஒரு வரி இருக்கட்டும். நாளை வழக்கு வந்தால் அந்த வரிதான் பேசும்.

ஒன்று மறக்க வேண்டாம். வீடு வரும்போது கடனும் கூடவே வரும். மீதிக் கடன் அளவுக்காவது அவருக்கு டேர்ம் இன்சூரன்ஸ் (இறந்தால் மட்டும் பணம் தரும் காப்பீடு) இருக்கிறதா என்று பாருங்கள்.

நீங்கள் அனுப்பும் 21,000, ஆண்டுக்கு 2.52 லட்சம். வரி அதிகாரி அதை அன்பளிப்பு என்று சொல்ல இடம் கொடுக்காதீர்கள். கடன் என்று ஒப்பந்தம் எழுதி, வங்கி வழியாகவே அனுப்புங்கள். கடன் வருமானம் ஆகாது. கையில் ஆதாரமும் இருக்கும்.

கூட்டு வங்கிக் கணக்குக்குத் தடையில்லை, துணையை நாமினியாகவும் போடலாம் என்று 2024 ஆகஸ்டில் மத்திய நிதியமைச்சகமே தெளிவுபடுத்திவிட்டது. கிளையில் முறைத்தால் அதைக் காட்டுங்கள். ஆனால் நாமினி பணத்தை வாங்கிக்கொள்பவர் மட்டுமே, உரிமையாளர் அல்ல. அதையும் உயிலில் சேர்க்க வேண்டும்.

அப்புறம், உங்கள் பெயரில் என்னென்ன இருக்கிறது? கேள்வியில் அதைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லையே. நீங்களும் ஓர் உயில் எழுதுங்கள்.